உரிமம் இல்லாத கைகள்

தம்பியின் பயிற்சிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அந்தப் பெண் புரூக்ளினில் இருக்கும் அந்தப் பழைய ஜிம்முக்கு வருகிறாள். ஸ்பாரிங் முடிந்த பிறகும் தம்பியைச் சீண்டி அடித்த பையன் ஒருவன் மூக்கில் ஓங்கி ஒரு குத்து விடுகிறாள். அந்தக் குத்தின் ருசி கையில் தங்கிவிடுகிறது. சில நாளில் திரும்பி வந்து, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கோச்சிடம் கேட்கிறாள். வயதான கோச் அவளை மேலும் கீழும் பார்க்கிறார். அவர் சொல்லும் பதிலின் சாரம் இவ்வளவுதான்: பெண்கள் பயிற்சி எடுக்கலாம், சண்டை போட முடியாது.

கேரின் குசாமா எழுதி இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேர்ள்ஃபைட்' படத்தின் காட்சி இது. அந்தப் பெண்ணின் பெயர் டயானா குஸ்மான். புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீட்டில் அப்பாவோடும் தம்பியோடும் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பெண். பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். தம்பி டைனிக்கு ஓவியத்தில்தான் ஆசை. ஆனால் பையன் என்றால் அடிக்கத் தெரிய வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அதற்குப் பணம் கொடுக்கிறார். மகளுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. கடைசியில் டைனி தன் பயிற்சிப் பணத்தை அக்காவிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். ஆண் கைக்கென்று ஒதுக்கிய காசு பெண் கைக்கு, அப்பாவுக்குத் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. படத்தில் கள்ளத்தனமாக நடப்பது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் சினிமாவில் 'அண்டர்கிரவுண்ட் ஃபைட்' என்றதும் நம் கண்முன் வரும் எதுவும் இதில் இல்லை. நிலவறை கிடையாது. ஒற்றை பல்பு, கம்பிவலை, கத்தை நோட்டைப் பிடித்துக் கத்தும் கூட்டம், சுருட்டுப் புகைக்கும் தாதா, எதுவும் கிடையாது. இந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்த 1999ஆம் ஆண்டில்தான் 'ஃபைட் கிளப்' வெளிவந்தது. சம்பளமும் சோபாவும் உள்ள ஆண்கள் சலிப்புத் தாங்காமல் நிலவறைக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் உடைத்துக்கொள்ளும் படம். அதன் செலவு ஆறு கோடி டாலருக்கும் மேல். 'கேர்ள்ஃபைட்' பத்து லட்சம் டாலர் சொச்சத்தில் முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அந்த ஆண்கள் விதியிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போகிறார்கள். டயானாவோ விதிக்குள் வருவதற்கு வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பெண்கள் குத்துச்சண்டையின் உண்மையான தலைமறைவு வரலாறு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் வெளிச்சத்தில், டிக்கெட் விற்று, சில சமயம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே நடந்தது. இல்லாமல் போனது ஒரு துண்டுக் காகிதம்: உரிமம்.

குசாமாவே அந்த வாசலைத் தட்டியவர். 1990களின் தொடக்கத்தில் புரூக்ளின் கிளீசன்ஸ் ஜிம்மில் சேர்ந்து பயிற்சி எடுத்தார். 1937இல் பிராங்ஸில் தொடங்கி, மன்ஹாட்டன் போய், 1980களில் புரூக்ளின் வந்து சேர்ந்த ஜிம் அது. முகமது அலி முதல் பலர் வியர்த்த இடம். அங்கே கண்ட இளைஞர்களைப் பார்த்துத்தான், இந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அப்போது அவர் இயக்குநர் ஜான் செய்ல்ஸிடம் உதவியாளராக வேலை பார்த்தார். கதையை எடுத்துக்கொண்டு பணம் தேடிப் போன இடங்களில், நாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றலாமே என்ற யோசனை கிடைத்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு நெருங்கும்போது வருவதாக இருந்த பணமும் கைவிட்டது. செய்ல்ஸ் தன் கையிலிருந்து போட்டுக் காப்பாற்றினார். படத்தில் பள்ளியின் அறிவியல் ஆசிரியராக எட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

நாயகியைத் தேடிப் பொது அழைப்பு விட்டார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். வந்தவர்களில் மிஷெல் ரோட்ரிகஸ் அதற்குமுன் கூட்டத்தில் ஒருத்தியாகத் தலைகாட்டியதைத் தவிர நடித்ததில்லை, குத்துச்சண்டையும் தெரியாது. நாலைந்து மாதம் கிளீசன்ஸ் ஜிம்மில் உண்மையான பயிற்சியாளரான ஹெக்டர் ரோகாவிடம் விட்டார்கள். டூப் வைக்கவோ, சண்டையை நூறு துண்டாக வெட்டி மறைக்கவோ பட்ஜெட் இடம் கொடுக்காதபோது நடிகைக்கே அடிக்கத் தெரிந்தாக வேண்டும். இல்லாமையால் வந்த இந்த நிபந்தனைதான் படத்தின் பலமானது என்பேன். முதல் ஷாட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளியின் வராந்தா, இரும்பு லாக்கரில் சாய்ந்து நிற்கும் பெண், குனிந்த தலை. மெல்ல நிமிர்ந்து புருவத்துக்குக் கீழிருந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். பெரிய நட்சத்திரம் யாரிடமும் அந்தப் பார்வையைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

கைக்கட்டு ஒன்றைப் பார்ப்போம். பாக்ஸிங்கில் முதல் பாடமே குத்துவது கிடையாது, கட்டுவது. பெரியவர்கள் பயன்படுத்தும் பருத்தித் துணிப்பட்டை நூற்றெண்பது அங்குலம், ஏறத்தாழ நாலரை மீட்டர். முனையிலிருக்கும் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்று, விரல் முட்டிகளுக்கு மேல் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளில் குறுக்காக விட்டு எடுத்து, மீண்டும் மணிக்கட்டுக்கு வந்து ஒட்ட வேண்டும். இறுக்கினால் விரல் மரத்துப்போகும், தளர்த்தினால் எலும்பு நொறுங்கும். கையின் இருபத்தேழு எலும்புகளும் சேர்ந்து ஒரே கட்டையாக இறங்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு. டயானா இதையெல்லாம் பொறுமையில்லாமல் கற்கிறாள். பள்ளியில் கோபத்தில் வீசிய கை இங்கே எண்ணி வைத்த கால் நகர்வுக்கு அடங்க வேண்டும். முரட்டுத்தனம் தொழிலாக மாறும் இந்த இடத்தைப் பல பாக்ஸிங் படங்கள் ஒரு பாட்டில், நாலு நிமிடத்தில் ஓட்டிவிடும். குசாமா அதில் நின்று நிதானிக்கிறார்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

1722இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எலிசபெத் வில்கின்சன் என்ற பெண் ஒரு சவால் விளம்பரம் கொடுத்தார். தன்னோடு வாய்த்தகராறில் ஈடுபட்ட ஹன்னா ஹைஃபீல்ட் என்பவரை மேடைக்கு அழைத்தார். பந்தயம் மூன்று கினி. நிபந்தனை சுவாரசியமானது. இருவரும் ஒவ்வொரு கையிலும் ஓர் அரை கிரவுன் நாணயத்தைப் பொத்திக்கொண்டு சண்டை போட வேண்டும். யார் கையிலிருந்து காசு முதலில் விழுகிறதோ அவருக்குத் தோல்வி. நாணயத்தை விடாமல் பிடித்திருந்தால் பிறாண்டவோ முடியைப் பிடிக்கவோ முடியாது. கை முஷ்டியாகவே இருக்கும். பெண்கள் சண்டை என்றால் குழாயடிச் சண்டை என்று கேலி செய்கிறவர்கள் இந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ஒழுங்கான ஆட்டத்துக்கான விதியை அந்தப் பெண்ணே, ஆண்களுக்குச் சங்கமும் விதிப்புத்தகமும் வருவதற்கு முன்பே, எழுதி வைத்துவிட்டார்.

பின்னால் விதிப்புத்தகங்கள் வந்தன, பெண்கள் வெளியே போனார்கள். எங்கே போனார்கள் என்பதற்கு பார்பரா பட்ரிக்கின் வாழ்க்கை ஒரு சாட்சி. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள காட்டிங்ஹாமில் பிறந்தவர். உயரம் நாலடி பதினொரு அங்குலம். பதினைந்து வயதில், கால்பந்து ஆடிச் சேறு அப்பிய பூட்ஸைத் துடைக்க எடுத்த பழைய செய்தித்தாளில் பாலி பர்ன்ஸ் என்ற குத்துச்சண்டைக்காரியைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. துடைப்பதை விட்டுவிட்டுப் படித்தார். 1940களின் கடைசியில் ஊர் ஊராகப் போகும் திருவிழாக் கூடாரங்களில் இறங்கிவிட்டார். கூடாரக்காரன் வாசலில் நின்று, எங்கள் ஆளோடு மூன்று சுற்று தாக்குப்பிடிக்கத் தயாரா என்று கூட்டத்தைச் சீண்டுவான். உசுப்பேறியவன் உள்ளே வருவான். இதுதான் தொழில். 1949இல் லண்டன் கேளிக்கை அரங்கு ஒன்றில் அவர் மேடையேறப்போகிறார் என்றதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் கயிறு தாண்டுவது, பை குத்துவது, காற்றோடு குத்துச்சண்டை போடுவது ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கிடைத்தது. எதிரே ஆள் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. புரூக்ளின் கோச் டயானாவிடம் சொன்னதும் இதையேதான். பட்ரிக் 1952இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1957இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஃபிலிஸ் குக்லரோடு உலகப் பட்டத்துக்காக மோதினார்.

நியூயார்க் கதவு திறந்தது இன்னும் தாமதமாக. 1970களின் நடுவில் ஜாக்கி டோனவாண்டா தொழில்முறை உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மாநில விளையாட்டு ஆணையம் மறுத்தது. பெண்களை அனுமதித்தால் குத்துச்சண்டைக்கே கெட்ட பெயர் வந்துவிடும் என்பது ஆணையத்தின் வாதம். சூதாட்டக்காரர்களும் மாஃபியாவும் பல பத்தாண்டுகள் ஆட்டிப்படைத்த ஒரு விளையாட்டின் நற்பெயரைப் பற்றிய கவலை அது! வழக்குகளுக்குப் பிறகு 1978 செப்டம்பரில் டோனவாண்டா, கேட் டேவிஸ், மரியன் ட்ரிமியர் ஆகிய மூவரும் உரிமம் பெற்றார்கள். உரிமம் வந்தது, கூலி வரவில்லை. 'லேடி டைகர்' என்று அழைக்கப்பட்ட ட்ரிமியர் 1987இல் பெண் வீரர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் நிலைமையும் கேட்டு ஒரு மாதம் உண்ணாவிரதம் இருந்தார். மொட்டைத் தலை, மெலிந்த உடம்பு. எடைப் பிரிவே பிழைப்பாக உள்ள ஒருவர் தன் எடையையே ஆயுதமாக்கிய போராட்டம்.

அமெச்சூர் தரப்பில் 1993 வரை கதவு மூடியே கிடந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் டல்லஸ் மல்லாய் என்ற பெயரில் பதிவு கேட்ட 16 வயதுப் போட்டியாளர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தடைக்கு எதிராக ஆணை வாங்கினார். ('மல்லாய்' என்பது 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' படத்தில் மார்லன் பிராண்டோ ஏற்ற குத்துச்சண்டைக்காரன் பாத்திரத்தின் பெயர், சினிமா வாழ்க்கைக்குக் கொடுத்த கடன்.) அந்த அக்டோபரில் முதல் அனுமதிபெற்ற போட்டி நடந்தது. 1995இல் நியூயார்க்கின் கோல்டன் குளவ்ஸ் போட்டியில் பெண்கள் முதன்முறையாக இறங்கினார்கள். ஆக, 'கேர்ள்ஃபைட்' கதை நடக்கும் காலத்தில் புரூக்ளின் கோச் சொன்னது சட்டப்படி தப்பு. விதி மாறிச் சில வருடமாகியிருந்தது. ஆனால் அவர் பேசுவது விதியை வைத்து அல்ல, பழக்கத்தை வைத்து. காகிதத்தில் திறந்த கதவு ஜிம் சுவரில் திறக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் படம் ஒரே வரி வசனத்தில் காட்டிவிடுகிறது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். லங்காஷயரின் ஃப்ளீட்வுட் என்ற மீன்பிடித் துறைமுக ஊரைச் சேர்ந்த ஜேன் கௌச் 1996இல் கோபன்ஹேகன் போய் உலகப் பட்டம் வென்றுவிட்டார். பட்டத்தோடு ஊர் திரும்பினால், சொந்த நாட்டில் சண்டை போட உரிமம் இல்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்கள் உணர்ச்சிவசப்பட்டு நிலைதடுமாறுவார்கள், ஆகவே ரிங்குக்குள் விடுவது ஆபத்து என்று வாரியத் தரப்பு வாதாடியது. ரிங்குக்குள் போகிற ஆண்கள் எல்லோரும் எந்த உணர்ச்சியும் இல்லாமல் போகிறார்கள் போலும். 1998 மார்ச்சில் தீர்ப்பாயம் இது பாலினப் பாகுபாடு என்று சொல்லி கௌச்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் தென் லண்டனின் ஸ்ட்ரெதமில் உரிமம் பெற்ற முதல் பெண்கள் தொழில்முறைப் போட்டி நடந்தது. கௌச் இரண்டாவது சுற்றிலேயே முடித்துவிட்டார்.

அயர்லாந்தின் டெர்ட்ரே கோகர்டிக்குச் சொந்த நாட்டில் அந்த வழியும் இல்லை. லூசியானாவுக்குக் குடிபெயர்ந்து பயிற்சி எடுத்தார். 1996 மார்ச் 16 அன்று லாஸ் வேகஸில், மைக் டைசன் - ஃபிராங்க் புரூனோ மோதலுக்கு முன்னால் நிரப்புப் போட்டியாக அவரையும் கிறிஸ்டி மார்ட்டினையும் இறக்கினார்கள். ஆறு சுற்று. மார்ட்டினின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, அவர் நிறுத்தவில்லை. டைசனுக்காகப் பணம் கட்டி டி.வி. முன் உட்கார்ந்தவர்கள் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு எழுந்தார்கள். மார்ட்டின் ஜெயித்தார், அடுத்த மாதம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' அட்டையில் வந்தார். தோற்ற கோகர்டியின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. அதே அயர்லாந்தில் பிரே என்ற ஊர்ச் சிறுமி ஒருத்தி பையன்களோடு மோதுவதற்காக 'கே. டெய்லர்' என்று முதலெழுத்தை மட்டும் போட்டுப் பதிவு செய்து, தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்துக்கொண்டு ரிங்கில் ஏறிக்கொண்டிருந்தாள். கேட்டி டெய்லர் என்ற முழுப்பெயரோடு, நாட்டின் முதல் அதிகாரபூர்வப் பெண்கள் போட்டியில் அவள் இறங்கியது 2001இல், 15 வயதில். தலைமறைவு என்றால் இதுதான். ஒரு முதலெழுத்து.

'கேர்ள்ஃபைட்' படத்தின் சர்ச்சைக்குரிய பகுதி அதன் கடைசிச் சண்டை. ஆண், பெண் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்கும் ஒரு போட்டியில் டயானா இறுதிச்சுற்றுக்கு வருகிறாள். எதிரே நிற்பவன் அவள் காதலன் ஏட்ரியன். அமெரிக்க அமெச்சூர் குத்துச்சண்டையில் அப்படிக் கலப்புப் போட்டிக்கு இடமில்லை. இது கதைக்காகக் கட்டியது என்று விமர்சகர்கள் சொன்னார்கள், சரிதான், கட்டியதுதான். காதலனையே இறுதிப்போட்டிக்குக் கொண்டுவந்து நிறுத்தும் தற்செயலில் எனக்கும் கொஞ்சம் சினிமாத்தனம் தெரிகிறது. ஆனால் அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. படம் எடுக்கப்பட்ட அதே 1999இன் அக்டோபரில், சியாட்டிலில், மார்கரெட் மக்ரெகர் என்ற பெண்ணும் குதிரைப்பந்தய ஜாக்கியான லோய் சௌ என்ற ஆணும் அனுமதிபெற்ற தொழில்முறைப் போட்டியில் நாலு சுற்று மோதினார்கள். நடுவர்கள் மூவரும் மக்ரெகருக்கே வெற்றி என்றார்கள். நாடு முழுவதும் அது கேலிக்கூத்தாகப் பேசப்பட்டது. குசாமாவின் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. ஏட்ரியனின் பயம் தோற்றுவிடுவோம் என்பது மட்டும் அல்ல. அவளை நிஜமாக அடித்தால் கேவலம், அடிக்காவிட்டாலும் கேவலம், அடித்தும் தோற்றால் அதைவிடக் கேவலம். மூன்று கேவலத்தையும் மீறி, அவளை ஒரு பாக்ஸராக மதித்து முழுப் பலத்தோடு அடிக்கிறான். அதைவிடப் பெரிய காதல் வசனம் அந்தப் படத்தில் இல்லை.

எனக்குப் பிடித்த சண்டை வேறு. அது ரிங்கில் நடப்பதே இல்லை, வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. அம்மாவை அடித்து அடித்து, அவள் தற்கொலை செய்துகொள்ளக் காரணமான அப்பாவை டயானா தரையில் வீழ்த்தி, கழுத்தை நெரிக்கிறாள். அங்கே மணி அடித்து நிறுத்த ஆள் இல்லை. தானாகத்தான் கையை விட வேண்டும், விடுகிறாள். விதியில்லாத சண்டை நிலவறையில்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் வீடு என்ற இடத்தை மறந்துவிடுகிறார்கள். ரிங்கில் சுற்றுக்கு இத்தனை நிமிடம், இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, விழுந்தவரைத் தொடக் கூடாது. குஸ்மான் வீட்டில் அந்த அம்மாவுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருந்ததில்லை. டயானாவுக்கு ஜிம் பத்திரமான இடமாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

படம் 2000 சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் முதற்பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. குசாமாவுக்குச் சிறந்த இயக்குநர் விருது. பிறகு கான் விழாவில் இளைஞர் பரிசு. தியேட்டரில் வசூல் சுமார். ரோட்ரிகஸ் அடுத்த வருடமே 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வழியாக உலகத்துக்கே தெரிந்த முகமானார். ஐந்து வருடம் கழித்துக் குசாமாவுக்குக் கிடைத்த பெரிய ஸ்டூடியோ படத்தை ஸ்டூடியோ தன் இஷ்டத்துக்கு வெட்டி வெளியிட்டது.

'கேர்ள்ஃபைட்' வந்த நாலு வருடத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'மில்லியன் டாலர் பேபி' வந்து நாலு ஆஸ்கர்களை அள்ளியது. அதன் நாயகி ஹிலாரி ஸ்வாங்குக்கும் பயிற்சி கொடுத்தவர் அதே ஹெக்டர் ரோகா. நன்றாகச் செய்த படம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெண்ணின் உடம்பு ஒரு கிழவரின் குற்றவுணர்வுக்கான மேடை. கடைசியில் கதை யாருடையது என்று கேட்டால் கோச்சுடையது என்றுதான் பதில் வரும். அதில் நாயகியை விதிமீறி அடித்து முடமாக்கும் வில்லியாக நடித்தவர் நெதர்லாந்தின் லூசியா ரைகர். தோல்வியே காணாத உலக சாம்பியன். 1999இல் வந்த 'ஷேடோ பாக்ஸர்ஸ்' ஆவணப்படத்தின் நாயகி. மூன்று கோடி டாலர் செலவழித்தவர்கள் நிஜ சாம்பியனைத் தேடிப்பிடித்து அவருக்குக் கொடுத்த வேடம் இது. இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் உண்டு.

சின்ன பட்ஜெட்டில் இதே விஷயத்தைத் தொட்ட இன்னொரு படம் ஜப்பானின் '100 யென் லவ்', 2014. பெற்றோர் வீட்டில் வெட்டியாகக் கிடந்து, மலிவுக் கடையில் இரவு வேலைக்குப் போகும் 32 வயதுப் பெண். ஜப்பானில் தொழில்முறைத் தேர்வு எழுத அப்போது வயது வரம்பு 32. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் பெண்களை அங்கீகரித்ததே 2008இல்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் பெண் தன் வாழ்க்கையில் எத்தனை மூடிய வருடங்களுக்குப் பிறகு அந்த வாசலுக்கு வருகிறாள் என்பது புரியும். சகுரா ஆண்டோ என்ற நடிகையின் முதுகே அதில் நடிக்கிறது; படத்தின் தொடக்கத்தில் கூன், முடிவில் நிமிர்வு. பத்து வருடம் கழித்துச் சீனாவில் அதை 'யோலோ' என்று மறுபடி எடுத்து வசூல் மழை பார்த்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்தியாவின் முதல் பெண்கள் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் சென்னையில்தான் நடந்தது. மணிப்பூரிலிருந்து வந்து தங்கம் வென்றவர்களில் ஒருவர் மேரி கோம். அதற்கு முந்தைய வருடம் மாநிலப் பட்டம் வென்ற செய்தி படத்தோடு நாளிதழில் வந்தபோதுதான் மகள் குத்துச்சண்டை போடுகிறாள் என்பதே அவருடைய அப்பாவுக்குத் தெரிந்தது. டயானாவின் கதையும் அப்பாவுக்குத் தெரியாமல் நடப்பதுதான். அதே 2001இல் அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. மேரி கோம் வெள்ளி வென்றார்.

சென்னையின் துளசி என்ற வீராங்கனையைப் பின்தொடர்ந்து 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' என்ற ஆவணப்படத்தை 2013இல் எடுத்தவர்கள் நார்வேயின் இரண்டு பெண் இயக்குநர்கள். அப்போது அவர்களுடைய நாட்டிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை இருந்தது. துளசி தலித் குடும்பத்துப் பெண், எடைப் பிரிவு 48 கிலோ, கையில் பதக்கம், கையில் காசில்லை. ரிங்குக்கு வெளியே அதிகாரம் வைத்திருப்பவர்களோடு நடந்த மோதல்தான் அந்தப் படத்தின் கடுமையான சுற்று. மூன்று வருடம் கழித்து சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' வந்தது. கடற்கரைக் குப்பத்துப் பெண் மதியாக நிஜ வாழ்விலும் சண்டைப் பயிற்சி உள்ள ரித்திகா சிங் நடித்தார். நடிகையை அடிக்கக் கற்பிப்பதற்குப் பதில், அடிக்கத் தெரிந்தவரை நடிக்க வைத்த புத்திசாலித்தனம் அது. ஆனால் அந்தப் படமும் கடைசியில் கோச்சின் தியாகத்தில் போய் நிற்கிறது. மதியும் மாஸ்டரும் சரிக்குச் சரி முறைத்துக்கொள்ளும் முதல் பாதிக்காக நான் அதை மறுபடி பார்ப்பேன்.

'அண்டர்கிரவுண்ட்' என்று சொல்லப்பட்டதே இப்போது மேல்மாடிக்கு வந்துவிட்டது. கையுறை இல்லாத வெறுங்கைச் சண்டை 1889க்குப் பிறகு அமெரிக்காவில் முதன்முறையாக அரசு அனுமதியோடு நடந்தது 2018 ஜூனில், வயோமிங் மாநிலத்தில். அந்த இரவில் பெண்களும் மோதினார்கள். ஆனால் சம இடம் இன்னும் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை நுழைந்தபோது ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவு, பெண்களுக்கு மூன்று. ஒலிம்பிக் பதக்கங்களை வாரிக் குவிக்கும் கியூபா தன் பெண்களை ரிங்கில் ஏற அனுமதித்தது 2022 டிசம்பரில்தான்.

அந்த வருடம் ஏப்ரல் 30 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனின் தலைப்புப் போட்டியாக முதன்முறையாக இரண்டு பெண்கள் மோதினார்கள். ஒருவர், ஒருகாலத்தில் 'கே. டெய்லர்' ஆக இருந்தவர். இன்னொருவர் அமாண்டா செரானோ, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த ஃபெதர்வெயிட். டயானா குஸ்மானும் ஃபெதர்வெயிட்தான். டெய்லர் நூலிழையில் ஜெயித்தார். அரங்கில் பத்தொன்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம்.

பெண்களின் உலகப் பட்டப் போட்டி என்றால் வழக்கமாகப் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஆண்களுக்குப் பன்னிரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். ஆண்களுக்குச் சமமாக நடத்துங்கள் என்று செரானோ கேட்டார். 2023 அக்டோபரில் ஒர்லாண்டோவில் பன்னிரண்டு மூன்று நிமிடச் சுற்று ஆடி ஜெயித்தார். அவர் இடுப்பில் இருந்த நாலு பட்டங்களில் ஒன்றைக் கொடுத்த உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் அந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. பெண்களுக்கு இரண்டு நிமிடம்தான் என்றது. டிசம்பரில் செரானோ அந்தப் பட்டத்தைத் துறந்துவிட்டார்.